கம்பி தெரியுது, ஆனாலும்...
மேடையில் பறத்தலும் பார்வையாளரும்

2010 நவம்பர் 28 இரவு. நியூயார்க் நகரம், 42ஆம் தெரு, ஃபாக்ஸ்வுட்ஸ் அரங்கம். முதல் பாதி முடிகிற நேரம். ஸ்பைடர் மேன் வேஷம் கட்டிய ஒருவர் மேடையிலிருந்து கிளம்பி, தரைத்தள இருக்கைகளைத் தாண்டிப் பறந்து பால்கனியில் இறங்க வேண்டும். கம்பிகள் அவரைத் தூக்கின. சில அடி தூக்கிவிட்டு நின்றுவிட்டன. முன்வரிசைக்காரர்களுக்கு மேலே அந்தரத்தில் அவர் தொங்கிக்கொண்டிருக்கிறார். மேடை மேலாளர் ஒலிபெருக்கியில் காட்சியை நிறுத்தச் சொல்கிறார். மேடைத் தொழிலாளர்கள் விளிம்பில் நின்று அவருடைய காலை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார்கள். ஏறத்தாழ முக்கால் நிமிஷம் கைக்கு அகப்படவில்லை. ஒவ்வொரு தடவை தவறும்போதும் அரங்கம் 'ஓ' என்றது, சிரித்தது. கடைசியில் கால் சிக்கியது. இடைவேளை என்று அறிவித்து விளக்கைப் போட்டார்கள்.

'ஸ்பைடர் மேன்: டர்ன் ஆஃப் த டார்க்' என்ற இசை நாடகத்தின் முதல் முன்னோட்டக் காட்சி அது. ஜூலி டேமர் இயக்கம். யூ2 குழுவின் போனோவும் எட்ஜும் இசை. செலவு 7.5 கோடி டாலர். பிராட்வேயில் அதுவரை யாரும் ஒரு நாடகத்துக்கு இவ்வளவு கொட்டியதில்லை. அன்றிரவு ஐந்து தடவை நிறுத்த வேண்டிவந்தது. மூன்றரை மணி நேரம் ஆனது. இரண்டாம் பாதியில் மறுபடியும் நின்றபோது ஒரு பெண்மணி உரக்கக் கத்தினார்: தன்னைச் சோதனைச்சாலை எலி மாதிரி உணர்வதாகவும், ஒத்திகையைக் காசு வாங்கிக்கொண்டு காட்டுவதாகவும். அரங்கம் அவரை 'பூ' என்று கத்தி அடக்கியது.

இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அம்மாள் சொன்னது நியாயம்தான், காசு கொடுத்தவர். ஆனால் அந்த அரங்கில் சோதனை எலி யார்? இருக்கையில் உட்கார்ந்திருந்தவரா, தலைக்கு மேலே தொங்கியவரா? அவரைக் கத்தி அடக்கியவர்களுக்கும் இந்தக் கேள்வி எழுந்ததாகத் தெரியவில்லை. சண்டை முழுக்க டிக்கெட் வாங்கிய இரண்டு தரப்புக்கும் இடையில் நடந்திருக்கிறது. கம்பியில் தொங்கியவர் அதில் ஒரு தரப்பாகவே இல்லை.

இதை ஏதோ அமெரிக்க வினோதம் என்று தள்ளிவிட என்னால் முடியாததற்குக் காரணம் உண்டு. நாடகத்தை அரசியலாகப் பார்க்கக் கற்றுக்கொண்ட என் தலைமுறைக்கு பிரெக்ட் கிட்டத்தட்ட வேதம். 1980இல் பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் நடத்திய பட்டறைக்குப் போய்வந்தவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டே (நான் போகவில்லை, போனதாகப் பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன்) திரையைக் கிழித்தோம், ஒப்பனையைக் கழித்தோம், வீதிக்கு வந்தோம். அடிப்படை நம்பிக்கை ஒன்றுதான். மாயத்தோற்றம் பார்வையாளனைத் தூங்கவைக்கிறது; அது உண்டாக்கப்படுகிற விதத்தைக் காட்டிவிட்டால் அவன் விழித்துக்கொள்வான், யோசிப்பான். விளக்கை மறைக்காதே, கயிற்றை மறைக்காதே. கம்பி தெரியட்டும்.

2012இல் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது இந்த நாடகத்தைப் பார்த்தேன். அதற்குள் டேமரை விலக்கிவிட்டு, கதையைத் திருத்தி, வேறு ஒருவர் இயக்கத்தில் இரண்டாம் வடிவமாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மேல்மாடி இருக்கை. 'ஃப்ளையிங் சர்க்கிள்' என்றே ஒரு பகுதிக்குப் பெயர் வைத்து டிக்கெட் விற்றார்கள். பறப்பவருக்குப் பக்கத்தில் இருப்பதும் ஒரு சரக்கு.

முதலில் சொல்ல வேண்டியது: கம்பி தெரிகிறது. நன்றாகவே தெரிகிறது. இடுப்பின் இரு பக்கத்திலிருந்தும் மேல்நோக்கிப் போகும் கம்பிகள் விளக்கொளியில் மின்னுகின்றன. கூரையில் அவை போய்ச் சேரும் இடங்களையும் நிமிர்ந்தால் பார்க்கலாம். ஒரு ஸ்பைடர் மேன் மேடையில் ஒளிவார், அடுத்த விநாடி இன்னொருவர் வேறு மூலையிலிருந்து பாய்வார். முகமூடி இருப்பதால் ஆள் மாறியது கணக்கில் வராது. முகத்தைக் காட்டிப் பாடுகிற நாயக நடிகர் ஒருவர். முகமூடிக்குள் பறக்கிற உடல்கள் பல. ஆலையில் ஷிஃப்ட் மாறுகிற மாதிரி. சிறுவர்கள் உட்பட என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்தே இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் தன் மகளுக்குக் கம்பியை விரலால் சுட்டிக்காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அந்த விரல் நீட்டியிருக்கும்போதே ஒரு சிவப்பு நீல உருவம் எங்கள் மாடியின் விளிம்பை நோக்கி வேகமாக வந்தது. அவர் விரல் மடங்கியது. வாயிலிருந்து ஒரு சத்தம். என் வாயிலிருந்தும்தான். மூச்சு உள்ளே போகும்போது எழுகிற சத்தம் அது, மொழிக்கு முந்தியது. அதற்குப் பிறகே கைதட்டல்.

அத்தை ஞாபகம் வந்தது. ஆர்.எஸ்.மனோகரின் புராண நாடகங்களைத் தந்திரக் காட்சிக்காகவே பார்க்கப் போனவர்களில் அவரும் ஒருவர். திரும்பி வந்து எங்களிடம் கதை சொல்ல மாட்டார், கதைதான் எல்லோருக்கும் தெரியுமே. "கம்பி தெரியுதுடா, நல்லாவே தெரியுது. ஆனா எப்படித் தூக்குறான்கிற!" என்பார். இந்த 'ஆனா'வை நான் பல வருஷம் மூடநம்பிக்கையின் மிச்சம் என்று நினைத்திருந்தேன். பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் ஆக்டாவ் மன்னோனி 1964இல் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே கிட்டத்தட்ட அத்தையின் வாக்கியம்தான்: தெரியும், ஆனாலும். நம்பிக்கை என்பது அறியாமையால் வருவதல்ல, அறிவின் மேலேயே சவாரி செய்கிற ஒன்று என்பது மன்னோனி தரும் விளக்கத்தின் சாரம். இதை ஒப்புக்கொண்டால் நம் வீதி நாடகத்தின் முதல் விதியே ஆட்டம் காண்கிறது. கம்பியைக் காட்டுவதால் மயக்கம் கலைவதில்லை. கம்பி தெரிவதே மயக்கத்துக்கு வேண்டிய ஒரு பாகமாக இருக்கிறது. நிஜமாகவே கம்பியில்லாமல் ஒரு மனிதர் பறந்தால் நாம் கைதட்ட மாட்டோம், எழுந்து ஓடுவோம்.

இந்த ஏற்பாட்டுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. 1904 டிசம்பர் 27 அன்று லண்டன் ட்யூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் ஜே.எம்.பாரியின் 'பீட்டர் பேன்' முதலில் மேடையேறியது. மேடையில் ஆளைத் தூக்குவது அப்போதே பழசுதான். ஆனால் உடம்பில் மாட்டும் வார்க்கட்டு பெரிதாக, சட்டென்று மாட்டவோ கழற்றவோ முடியாததாக இருந்தது. பாரிக்கோ நடிகர்கள் பேசிக்கொண்டே எழும்பி, பறந்து, இறங்கி, மறுபடியும் நடக்க வேண்டும். ஜார்ஜ் கிர்பி என்பவரின் 'ஃப்ளையிங் பாலே' நிறுவனம் அதற்கென்றே புதிய கட்டு ஒன்றைச் செய்துகொடுத்தது. அன்று பாரிக்கு இருந்த பயம் வேறு. டிங்கர் பெல் என்ற தேவதை சாகக்கிடக்கும்போது பீட்டர் பார்வையாளர்களைப் பார்த்து, தேவதைகளை நம்புகிறவர்கள் கைதட்டுங்கள் என்று கேட்கிறான். பெரியவர்கள் நிறைந்த முதல்நாள் அரங்கம் பேசாமல் இருந்துவிட்டால்? வாத்தியக்காரர்கள் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுத் தட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். தேவைப்படவில்லை. தட்டலின் பலத்தில் பீட்டராக நடித்த நைனா பூசிகோ அழுதுவிட்டாராம்.

அந்த நாடகத்துக்கு வந்த இன்னொரு எதிர்வினைதான் எனக்கு முக்கியம். குழந்தைகள் வீட்டுக்குப் போய்க் கட்டிலிலிருந்து பறந்து பார்த்தார்கள், அடிபட்டார்கள். பெற்றோர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், தேவதைத் தூள் மேலே பட்டால்தான் பறக்க முடியும் என்ற நிபந்தனையைப் பிற்பாடு நாடகத்தில் சேர்த்ததாக 1928இல் அச்சான பதிப்பின் முன்னுரையில் பாரியே எழுதியிருக்கிறார். இன்று உலகம் முழுக்க மாயாஜாலத்தின் அடையாளமாகத் தூவப்படுகிற அந்தத் தூள், பிறப்பில் ஒரு பாதுகாப்பு விதி! பார்க்கிறவரின் உடல் அடிபட்டபோது பிரதி திருத்தப்பட்டது. பறக்கிறவரின் உடல் அடிபட்டால் என்ன திருத்தப்படுகிறது என்பதற்கு நூற்றாறு வருஷம் கழித்து பிராட்வே பதில் சொன்னது. அதற்கு வருகிறேன்.

இடையில் பீட்டர் ஃபாய். 1950இல் 'பீட்டர் பேன்' நாடகத்துக்காக இங்கிலாந்திலிருந்து நியூயார்க் வந்தவர். 1954இல் மேரி மார்ட்டின் நடித்த இசை நாடகத்திலும் பறக்கும் காட்சிகள் இவருடைய வேலைதான். ஊசலின் இயற்பியலே இவர் மூலதனம். மேலே கப்பி, கயிறு, எதிர்எடை. திரைக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்திருக்கும் ஆட்கள். ஒருவர் உயர்த்த, இன்னொருவர் பக்கவாட்டில் நகர்த்த. பறப்பவர் கால் உந்துகிற கணமும் இழுப்பவர் எடையைக் கொடுக்கிற கணமும் ஒன்றாக விழ வேண்டும். ஒரு நொடி முந்தினால் உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்குகிற மாதிரி இருக்கும். அதாவது மேடையில் நாம் பார்க்கிற 'பறத்தல்' ஒருவருடையது அல்ல, குறைந்தது இரண்டு உடல்கள் சேர்ந்து செய்வது. அதில் ஒன்றைத்தான் நாம் பார்க்கிறோம். 'ஸ்பைடர் மேன்' நாடகத்திலோ இழுப்பது கணினி கட்டுப்படுத்தும் மோட்டார் வின்ச். வழித்தடம் முன்கூட்டியே எழுதப்பட்டது. கொஞ்சம் பிசகினாலும் இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஆள் அந்தரத்தில் நிற்பார். முதல்நாள் இரவு நடந்தது அந்த வகை. அதற்கு ஏன் சிரிப்பு வந்தது என்று யோசித்தால் பெர்க்சன் 1900இல் சொன்னது பொருந்துகிறது: உயிருள்ளது இயந்திரமாக, பொருளாகத் தோன்றும் கணத்தில் நாம் சிரிக்கிறோம். சிரிக்கிற கணத்தில் இரக்கம் விடுப்பில் போயிருக்கும் என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார்.

பிரெக்ட் பக்கத்தைக் கொஞ்சம் நியாயமாகப் பேச வேண்டும். விளக்குகள் பார்வையாளருக்குத் தெரிய வேண்டும் என்று அவர் சொன்னபோது காட்டிய உதாரணம் விளையாட்டுப் போட்டி. குத்துச்சண்டைக் களத்துக்கு மேலே விளக்கு தொங்குவதை யாரும் குறை சொல்வதில்லையே. விளையாட்டுப் பார்க்கிறவன் நுணுக்கம் தெரிந்தவன், நிதானமானவன், மதிப்பிடத் தெரிந்தவன், அப்படிப்பட்ட பார்வையாளன் நாடகத்துக்கும் வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கு இப்போது தோன்றுவது, பிராட்வே அந்தப் பார்வையாளனை உருவாக்கியே விட்டது என்பதுதான். அந்த மாடியில் இருந்தவர்கள் யாரும் கதையில் கரைந்துபோகவில்லை. கம்பியைப் பார்த்தார்கள், கோணத்தை ரசித்தார்கள், இறங்கிய நேர்த்தியை எடைபோட்டார்கள். கொட்டகை முழுக்க விலகி நின்று பார்த்த பார்வையாளர்கள். ஆனால் பிரெக்ட் மறந்த, அல்லது மறக்க விரும்பிய, ஒரு விஷயம் குத்துச்சண்டைக் கூட்டத்துக்கு உண்டு. ஒருவன் விழுவதைப் பார்க்கவும் அது வந்திருக்கிறது.

2010 டிசம்பர் 20. நாடகம் முடியப்போகிற தருணம். கிறிஸ்டோபர் டியர்னி என்ற நடனக் கலைஞர் (பறக்கிற ஸ்பைடர் மேன்களில் ஒருவர்) பாலம் போன்ற மேடையின் நுனியிலிருந்து குதிக்க வேண்டும். முதுகிலுள்ள கயிறு அவரைத் தடுத்து நிறுத்தும். அன்று அதன் மறுமுனை மாட்டப்படவில்லை. சுமார் 30 அடி ஆழப் பள்ளத்தில் விழுந்தார். மண்டையோடு, விலா எலும்பு, தோள்பட்டை எலும்பு, முதுகெலும்பு எல்லாவற்றிலும் முறிவு. அவருக்கு முன்பே வேறொருவருக்கு இரண்டு மணிக்கட்டும் உடைந்திருந்தன. டிக்கெட் விற்பனைக்காரர்களுக்குச் சாகசத்தைச் செய்துகாட்டும்போது. முதல் முன்னோட்டத்தில் ஒரு நடிகைக்குத் தலையில் அடி. டியர்னி விழுந்த வாரத்திலேயே திரை மறுபடியும் உயர்ந்தது. 2011 ஜனவரியில் ஒரு வாரம், பிராட்வேயின் நிரந்தர வசூல் ராணியான 'விக்கெட்' நாடகத்தையே முந்தி இது முதலிடத்துக்குப் போனது. அதிகாரபூர்வமாக இன்னும் தொடங்கவேயில்லை, முன்னோட்டம்தான். விமர்சகர்களில் பலர் பிப்ரவரியில் மரபை மீறி முன்கூட்டியே எழுதிக் கிழித்தார்கள். கூட்டம் அதற்கும் அசைந்ததாகத் தெரியவில்லை.

விபத்தைப் பார்க்கத்தான் ஜனங்கள் வந்தார்கள் என்று சொல்வது சுலபம், அவ்வளவு சரியும் இல்லை. கழைக்கூத்துக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கயிற்றின் மேல் குழந்தை நடுவில் வரும்போது கீழே தகப்பன் மேளத்தை நிறுத்துவார். குழந்தை விழ வேண்டும் என்று ஒருவரும் நினைப்பதில்லை. ஆனால் விழக்கூடும் என்பது இல்லாமல் தட்டில் காசு விழாது. சந்தையும் பார்வையாளனும் சேர்ந்து விலை வைக்கிற இடம் அந்த 'கூடும்'. பிராட்வே நடிகர் சங்க ஒப்பந்தத்தில் அசாதாரண ஆபத்து என்றே ஒரு இனம் இருக்கிறது, அதற்குத் தனிப்படி உண்டு. ஆக, கம்பி தெரிந்தது மட்டுமல்ல, கம்பி அறுந்தாலும் மாட்டாமல் போனாலும் என்ன ஆகும் என்பதும் 2011இல் அரங்குக்கு வந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். உற்பத்தியின் ரகசியம் முழுவதும் செய்தித்தாளில் வந்துவிட்டது. இதைவிடப் பெரிய கட்டவிழ்ப்பை எந்த வீதி நாடகம் செய்துகாட்ட முடியும்? விளைவு, டிக்கெட் விற்றது. 2011 கடைசி வாரத்தின் வசூல் 29 லட்சம் டாலருக்கும் மேல், அப்போது அது பிராட்வே சாதனை.

கிரேக்கத்துக்குக் கொஞ்சம் போக வேண்டும். மேடையில் ஆளைத் தூக்கும் பாரந்தூக்கி அங்கே கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே உண்டு. யூரிப்பிடிஸ் மெடியாவைத் தேரில் ஏற்றி அதில் அனுப்பினார். அரிஸ்டாட்டில் அந்த முடிவைக் குறை சொன்னார். இந்த இரண்டும் எல்லா நாடகப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். எனக்குப் பிடித்தது அரிஸ்டாஃபனிஸ். கி.மு. 421இல் நடந்த 'அமைதி' நாடகத்தில் திரைகேயஸ் என்ற விவசாயி ஒரு சாணிவண்டின் மேல் ஏறிச் சொர்க்கத்துக்குப் பறக்கிறான், போரை நிறுத்தச் சொல்லிக் கடவுளிடம் கேட்க. பாதி வழியில் பயத்தில் வயிறு கலங்க, பாத்திரத்திலிருந்து வெளியே வந்து, பாரந்தூக்கியை இயக்குகிறவனைக் கூப்பிட்டுப் பார்த்து இழுக்கும்படி கெஞ்சுகிறான். ஏதென்ஸ் சிரித்திருக்கும். நியூயார்க்கும் சிரித்தது. ஆனால் ஏதென்ஸ் சிரித்த சிரிப்பில் கயிற்றின் மறுமுனையில் இருந்த ஆளும் இருந்தான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் ஊர்த் திருவிழா நாடகம் கண்முன் வரும். அனுமார் கடல் தாண்டுகிற கட்டம். இரண்டு பனைமரத்துக்கு நடுவே கிணற்றுக் கப்பி, தாம்புக்கயிறு. இழுப்பவர் கிணறு வெட்டுகிறவர், ஊருக்கே அவரைத் தெரியும். அனுமார் நடுவானில் ஆடத் தொடங்கியதும் கூட்டத்திலிருந்து அனுமாரை நோக்கி ஒரு குரலும் வராது, எல்லாக் குரலும் அவரை நோக்கித்தான்: மெல்ல விடு, இடதுபக்கம் இழு. அட, நம் மரபில் உழைப்பு மறைக்கப்படவில்லையே என்று இங்கே கட்டுரையை முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் குரல்கள் எப்படிக் கூப்பிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்காரரை, பதினைந்து வயசுப் பையன்கள் 'டேய்' என்று கூப்பிட்டார்கள். அவர் சேரியிலிருந்து வந்தவர். கயிற்றை விட்டதும் பந்தலுக்குள் வந்து உட்கார்ந்து மிச்ச நாடகத்தைப் பார்க்க முடியாதவர். கையைத் தெரிந்திருந்தது, பெயரும் தெரிந்திருந்தது. போதவில்லை. பார்ப்பது வேறு, கணக்கில் எடுத்துக்கொள்வது வேறு என்பதை பிராட்வே போய்த்தான் நான் கற்க வேண்டும் என்றில்லை.

டியர்னி விழுந்த பிறகு திருத்தப்பட்டது என்ன? வசனத்தில் ஒன்றும் இல்லை. தொழில்துறை அதிகாரிகள் நெருக்கியதன் பேரில் மேடைக்குப் பின்னால் ஒரு நடைமுறை வந்தது. கம்பியையும் கயிற்றையும் ஒரு தொழிலாளி மாட்ட வேண்டும். இரண்டாவது ஒருவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும். மாட்டியாயிற்று என்பதை வாய்விட்டு மேடை மேலாளருக்குச் சொல்ல வேண்டும். 2011 மார்ச்சில் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பாதுகாப்பு அமைப்பு மூன்று கடும் மீறல்களைக் குறிப்பிட்டு 12,600 டாலர் அபராதம் போட்டது. 7.5 கோடியில் அது எத்தனை சதவீதம் என்று வாசகர்களே போட்டுக்கொள்ளட்டும். ஆனால் அந்த நடைமுறையை நான் சின்னதாக நினைக்கவில்லை. இருட்டில் ஒருவர் மாட்டுகிறார், இன்னொருவர் தொட்டுப் பார்த்துவிட்டு உரக்கச் சொல்கிறார். திரைகேயஸ் மேடையிலிருந்து கூப்பிட்ட குரலுக்கு, இரண்டாயிரத்து நானூறு வருஷம் கழித்து மறுமுனையிலிருந்து கிடைத்த பதில் மாதிரி இருக்கிறது. அரங்கில் உள்ள யாருக்கும் அது கேட்காது. அழகியல் பிரச்சினையாக நாம் விவாதித்துக்கொண்டிருந்த ஒன்றைத் தொழிற்சங்கப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டவர்கள்தான் ஒரு அங்குலமாவது நகர்த்தியிருக்கிறார்கள். கயிறு தெரிய வேண்டுமா கூடாதா என்று நாங்கள் இரவெல்லாம் டீ குடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம். மாட்டினாயா என்று யார் யாரைக் கேட்க வேண்டும் என்பது ஒரு இரவும் பேச்சில் வந்ததில்லை.

182 முன்னோட்டங்களுக்குப் பிறகு 2011 ஜூன் 14 அன்று நாடகம் முறைப்படி தொடங்கியது. டியர்னி தேறித் திரும்பி வந்து மறுபடியும் அதில் ஆடினார். 2013 ஆகஸ்டில் இன்னொரு கலைஞருக்குக் காலில் பலத்த அடி. 2014 ஜனவரி 4 அன்று, 6 கோடி டாலர் வரை நட்டம் என்ற பேச்சோடு, மூடினார்கள். மூடியதற்குக் காரணம் உடைந்த எலும்புகள் அல்ல, வாராந்தரக் கணக்கு.

நான் பார்த்த இரவில் எதுவும் நிற்கவில்லை, யாரும் விழவில்லை. எங்கள் மாடியின் விளிம்பில் ஸ்பைடர் மேன் இறங்கியபோது கையெட்டும் தூரம்தான். மூச்சு வாங்கியது அவருக்கு, முகமூடித் துணி வாய்ப்பக்கம் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கையை நீட்டினார்கள். அவருக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில், கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். மறுபடியும் கிளம்புவதற்கு முன்னால் அந்த ஆளின் உதடு அசைந்ததைப் பார்த்தேன். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம்.